மன்னி வந்த வெள்ளிக்கிழமை

வேலை கிடைத்த சந்தோஷத்தில் விஷாகா வீட்டில் கொஞ்சம் அதிகமாகத்தான் பெருமை அடித்துக் கொண்டுவிட்டாள்.

பாவம், அவளும் என்ன செய்வாள்? மாதக்கணக்கில் அப்ளிகேஷன் போட்டுப் போட்டு, மன்ஹாட்டனில் இருக்கும் பெரிய சட்ட நிறுவனங்களெல்லாம் "வருந்துகிறோம்" என்று கைவிரித்த பிறகு, ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு பல் டாக்டரின் மாடியில் இருந்த சின்ன அலுவலகம் அவளை எடுத்துக் கொண்டிருந்தது. விவாகரத்து, குழந்தை யாரிடம், வீடு யாருக்கு என்று குடும்ப வழக்குகள் மட்டுமே பார்க்கும் அலுவலகம். ஜூலைக் கடைசியில் வக்கீலாவதற்கான பார் பரீட்சை எழுதியாயிற்று. முடிவு வர இலையுதிர் காலம் ஆகும். பிறகு ஒரு கமிட்டி அவளுடைய நடத்தையை விசாரித்து, இவள் நம்பத் தகுந்தவள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அவள் வக்கீல் இல்லை. பயிற்சியில் இருக்கும் லா கிளார்க்.

"அதெல்லாம் யாருக்குடி புரியும்? நான் எல்லார்கிட்டயும் லாயர்னே சொல்லிட்டேன்" என்றாள் அம்மா அனந்தலக்ஷ்மி.

போன ஞாயிற்றுக்கிழமை வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அண்ணா சாய்ராமும் மன்னி மானஸாவும் சாப்பிட வந்திருந்தார்கள். சாய்ராம்தான் ஆரம்பித்தான்.

"இனிமே நியூஜெர்சில யார் யாருக்கு டைவர்ஸ்னு நமக்குத்தான் முதல்ல தெரியும். சாயங்காலம் டீயோட நியூஸ் வாசிப்பியாடி?"

"ஆசையைப் பாரு! ஒருத்தர் எங்க ஆபீஸுக்கு வந்தார்ங்கறதையே நான் வெளில சொல்லக் கூடாது. உயிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்."

ரசம் ஊற்றிக் கொண்டிருந்த மானஸா நிமிர்ந்தாள். "நிஜமாவா விஷா? அம்மாகிட்டகூடவா?"

"அம்மாகிட்டகூடத்தான் மன்னி."

"அப்போ உங்கிட்ட சொன்னா கிணத்துல போட்ட கல்லு மாதிரின்னு சொல்லு" என்றார் அப்பா பசுபதி. எல்லோரும் சிரித்தார்கள். மானஸாவும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வரலக்ஷ்மி நோன்பு.

காலையில் விஷாகா கிளம்பும்போதே வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை. நேற்று மாலையே அம்மனை வாசலிலிருந்து அழைத்துக் கலசத்தில் வெள்ளி முகம் வைத்து, பட்டுப் பாவாடை கட்டி, அலங்காரம் முடித்திருந்தாள் அம்மா.

"சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி வந்துடு. பூஜை முடிஞ்சதும் மானஸாவுக்கு நோன்பு எடுத்துக் கொடுக்கப் போறேன். கல்யாணமான வருஷமே பண்ணியிருக்கணும். ஒண்ணு மாத்தி ஒண்ணு தள்ளிப் போயிடுத்து. இப்போ கலிபோர்னியா வேற போறா. அம்மன் முகத்தோட போகட்டும்."

சாய்ராமுக்குக் கலிபோர்னியாவில், சன்னிவேலில் ஒரு வேலை கிடைத்திருந்தது. அந்த வேலைக்கு அவன் சரி என்று சொல்லி இரண்டு வாரம் ஆகிறது.

அலுவலகத்தின் வக்கீல் டயான் கோவால்ஸ்கிக்கு அறுபது வயதிருக்கும். விஷாகாவுக்கு வேலை கற்றுத் தருபவள் அவள்தான். சட்டத்தைப் புத்தகத்தில் படித்துக் கொள் என்று விட்டுவிட்டு, புத்தகத்தில் இல்லாததை மட்டும் சொல்லித் தருவாள்.

"டிஷ்யூ பெட்டியை யாரிடமும் நீட்டாதே. கை எட்டும் தூரத்தில் வைத்தால் போதும். நீட்டினால், அழு என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்."

பதினொன்றரை மணிக்குப் புதிதாக ஒருவர் வருகிறார், கூட உட்கார்ந்து குறிப்பெடு என்றாள் டயான். பெயர் கோதண்டராமன் என்றாள். யாரோ வயதானவர் என்று நினைத்துக் கொண்டு விஷாகா மஞ்சள் நோட்டும் பேனாவுமாகக் கதவைத் தள்ளினாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் மானஸா உட்கார்ந்திருந்தாள்.

மருந்துக் கடையில் போட்டுக் கொள்ளும் வெள்ளைக் கோட்டு இல்லை. நோன்புக்குத் தலைக்குக் குளித்த கூந்தல் இன்னும் ஈரம் காயாமல் முதுகில் கிடந்தது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டிருந்தாள்.

கோதண்டராமன் மானஸாவின் அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் அதுதான் அவளுக்குக் குடும்பப் பெயர்.

மானஸா எழுந்திருக்கவில்லை, முகத்தைத் திருப்பிக் கொள்ளவும் இல்லை. விஷாகாவையே பார்த்தாள். அதிர்ச்சியில் உறைந்துவிட்டாள் என்றுதான் விஷாகா நினைத்தாள்.

"விஷாகா, உட்கார்" என்றாள் டயான்.

"மன்னிக்கணும். நான் இங்கே இருக்கக் கூடாது. இவங்க என் அண்ணா மனைவி."

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மானஸாவின் உதடுகள் ஏதோ சொல்லப் பிரிந்தன. அதற்குள் விஷாகா வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டாள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபடியே எல்லாம் சரியாகச் செய்துவிட்டாள்.

டயான் பின்னாலேயே வந்தாள். தாழ்வாரத்தில் காப்பி மெஷின் பக்கத்தில் நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"சேர்ந்த அன்றைக்கே கேட்டேனே, நம்மிடம் வரக்கூடிய சொந்தக்காரர்கள் யாராவது உண்டா என்று?"

"கேட்டீங்க." எங்க வீட்லயா, டைவர்ஸா என்று அன்றைக்குச் சிரித்தது ஞாபகம் வந்தது. குடும்பப் பெயர் என்ன என்றதற்குப் பசுபதி என்று தன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வந்ததும் ஞாபகம் வந்தது.

"இந்தம்மா தன் கணவர் பெயர் சாய்ராம் என்றார். குடும்பப் பெயரும் அதுதானாம். முதல் பெயர் ஏதோ ஃப்னுவாம். தேடிப் பார்த்தோம். உன்னோடு எந்தச் சம்பந்தமும் வரவில்லை."

விஷாகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அப்பாவும் அம்மாவும் பத்து வயது விஷாகாவை மட்டும் கூட்டிக் கொண்டு அமெரிக்கா வந்தபோது, சாய்ராம் சென்னையில் காலேஜில் இருந்தான். பின்னால் மேல்படிப்புக்கு வந்தவனின் பாஸ்போர்ட்டில் சாய்ராம் என்ற ஒற்றைப் பெயர்தான் இருந்தது. விசாவில் அதையே குடும்பப் பெயராக்கி, முதல் பெயர் தெரியவில்லை என்று எஃப்.என்.யு. போட்டுவிட்டார்கள். அவனுடைய முதல் ஆபீஸில் எல்லோரும் அவனை மிஸ்டர் ஃப்னு என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரே வீட்டில் ஆளுக்கொரு குடும்பப் பெயர். வீட்டில் அது எப்போதும் ஒரு ஜோக்.

"நீங்க மன்னி கேஸை எடுத்துப்பீங்களா?"

"அதை நீ கேட்கக் கூடாது. நான் எடுத்தாலும் சரி, வேறு இடம் அனுப்பினாலும் சரி, உனக்குத் தெரியாது. இன்றிலிருந்து இந்த விஷயத்துக்கும் உனக்கும் நடுவில் ஒரு சுவர். அவர் ஏன் வந்தார் என்று அவரிடமே நீ கேட்கக் கூடாது. அவர் சொல்ல வந்தாலும் கேட்டுக் கொள்ளக் கூடாது."

"எங்க அண்ணாகிட்ட..."

"வந்தார் என்பதையே சொல்லக் கூடாது. சொன்னால் முதல் நஷ்டம் அந்தப் பெண்ணுக்கு. அடுத்தது உனக்கு. கமிட்டி முன்னால் நான் உனக்காகப் பேச முடியாது." டயானின் குரல் கொஞ்சம் இறங்கியது. "யாராவது கேட்டால் தெரியாது என்று சொல்லாதே. அது பொய். அவரையே கேளுங்கள் என்று சொல். இந்தத் தொழிலில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வாக்கியம் அதுதான்."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மங்கல் கண்ணாடிக் கதவு. உள்ளே நிழல் அசைவது தெரியும், பேச்சு கேட்காது.

மானஸா போகும்போது எதிரே வரக் கூடாது என்று விஷாகா பின்பக்க அறையில், யாருடையதோ வங்கிக் கணக்குகளை மாத வாரியாக அடுக்கிக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு மாதத்தைக்கூடச் சரியாக அடுக்கவில்லை.

சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக் கொண்டு போனாள். அடுப்பில் இட்லிப் பானை நிறையக் கொழுக்கட்டை வெந்து கொண்டிருந்தது.

"கார்த்தால மானஸாவோட கடைக்குப் போன் பண்ணினேன். மஞ்சள் குங்குமம் இருக்கா, வாங்கணுமான்னு கேட்கலாமேன்னு. அவ இன்னிக்கு லீவுன்னு கடைல சொன்னா. நோன்புக்காக லீவு போட்டவ நேரா இங்க வந்திருக்கலாமோல்லியோ? எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலை."

விஷாகா குழாயைத் திறந்து கை கழுவினாள்.

"போன வாரம் ரசம்கூடச் சரியா சாப்பிடலை. முகமே ஒரு மாதிரி வெளுத்திருக்கு." அம்மாவின் குரலில் ரகசியமும் குதூகலமும் பொங்கின. "டாக்டரைப் பார்க்கப் போயிருப்பாளோ? உனக்கு ஏதாவது தெரியுமாடி?"

தெரியாது என்று சொல்லாதே. அது பொய்.

"மன்னியைத்தாம்மா கேட்கணும்."

அம்மாவின் கண்கள் அகலமாயின. ஈரக் கையாலேயே விஷாகாவின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் சொடுக்கிக் கொண்டாள்.

"சரி சரி, புரிஞ்சுது. உங்கிட்ட சொல்லிட்டா, என்கிட்ட சொல்லாதேன்னுருக்கா. நான் கேட்கவே மாட்டேன். அவ வாயாலேயே சொல்லட்டும். மகாலக்ஷ்மி, தாயே!"

"அம்மா, அப்படியெல்லாம் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக் கொண்டாள். இல்லை என்று எப்படிச் சொல்வது? இல்லை என்றால், பிறகு வேறென்ன என்று அடுத்த கேள்வி வரும்.

அம்மா பூரணக் கொழுக்கட்டையாகப் பொறுக்கி ஒரு டப்பாவில் தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தாள். மருமகளுக்கு.

சாய்ராம் வரும்போதே சிரித்துக் கொண்டு வந்தான். பின்னால் மானஸா, அரக்குச் சிவப்புப் புடவையில், தலை நிறைய மல்லிகை. எடிசனில் வாங்கியிருப்பாள். விஷாகாவை நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா?" என்றாள்.

"வந்துட்டேன் மன்னி" என்றாள் விஷாகா.

பூஜை நடந்தது. அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைப் பார்த்து அர்ச்சனை நாமங்களை வாசித்தார். நடுவில் யாரோ வாட்ஸாப்பில் நோன்பு வாழ்த்து அனுப்ப, ஒரு நாமம் விட்டுப் போயிற்று. "முதல்லேர்ந்து படிங்கோ" என்றாள் அம்மா. கற்பூரம் காட்டி முடிந்தது.

"மானஸா, வாம்மா. இப்படி வந்து உட்காரு."

மனையில் மானஸாவை உட்கார வைத்து, அம்மா மஞ்சள் சரட்டை எடுத்தாள். நடுவில் ஒரு பூ முடிந்த சரடு. கணவனின் ஆயுளுக்கும் வீட்டின் சௌபாக்கியத்துக்கும் என்று வலது மணிக்கட்டில் கட்டிக் கொள்வது. மானஸா கையை நீட்டினாள்.

"நம்ம வீட்டு வக்கீல் இங்க இருக்கா. நல்ல நேரத்துல கேட்டுடறேன்" என்றான் சாய்ராம், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி. "விஷா, டவுன்ஹவுஸை விக்கணும்னா ரெண்டு பேரும் சைன் பண்ணணுமாம். ஏஜென்ட் நாலு நாளா கேட்டுண்டிருக்கான். உன் மன்னி பார்க்கலாம் பார்க்கலாம்கறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன். லாயர் சொன்னா கேட்பா."

"நான் லாயர் இல்லை அண்ணா."

"அடடா! ஞாயித்துக்கிழமை அவ்ளோ பேசினே!"

"இதுல நான் எதுவும் சொல்லக் கூடாது."

"ஏன், ஃபீஸ் வேணுமா? கொழுக்கட்டை தரேன்." அவனே சிரித்துக் கொண்டான். "அவளுக்கு என்ன பயம்னு எனக்குத் தெரியும். பார்மசி லைசென்ஸ். அங்க போய் இன்னொரு பரீட்சை எழுதணும். எழுதினா போச்சு! இங்க எழுதிப் பாஸ் பண்ணலையா? ஷீ இஸ் பிரில்லியன்ட்!"

அவன் அதை மனதார, பெருமையோடுதான் சொன்னான். அதுதான் விஷாகாவுக்குத் தாங்கவில்லை. மானஸா இந்த லைசென்ஸுக்காகப் பட்ட பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சென்னையில் வாங்கிய டிகிரி இங்கே செல்லாது என்றபோது முதலிலிருந்து பரீட்சைகள் எழுதி, சம்பளம் இல்லாமல் பயிற்சிக்கு நின்று, ராத்திரி சாப்பாட்டு மேஜையிலேயே தூங்கிப் போனவள். போன வருடம்தான் அவள் பெயர் போட்ட அட்டை கோட்டில் ஏறியது.

அண்ணா, எழுந்து போய் அவளிடம் கேள். வேறு எதுவும் வேண்டாம், என்ன வேண்டும் என்று ஒரே ஒரு தடவை கேள். விஷாகாவுக்கு அப்படிக் கத்த வேண்டும் போலிருந்தது.

கற்பூரப் புகையோ என்னவோ, மானஸாவின் கண் நிறைந்தது. விஷாகா பேப்பர் நாப்கின் கட்டை மெல்ல நகர்த்தினாள். நீட்டவில்லை. கை எட்டும் தூரத்தில் வைத்தாள்.

மானஸா அதைப் பார்த்தாள். எடுத்துக் கொள்ளவில்லை.

"ஆமா, கேட்க மறந்துட்டேனே" என்றான் சாய்ராம் திடீரென்று. குடும்பத்தில் எல்லோருடைய போனும் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஆப்பை அவன்தான் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்திருந்தான். "மத்தியானம் பார்க்கறேன், மானஸா ரூட் எய்ட்டீன்ல விஷா ஆபீஸ்ல நிக்கறா! ரெண்டு பேரும் என்னை விட்டுட்டு லஞ்ச் போனேளா?"

இரண்டாவது முடிச்சில் அம்மாவின் விரல்கள் நின்றன. அப்பா போனிலிருந்து தலையைத் தூக்கினார். எல்லோரும் விஷாகாவைப் பார்த்தார்கள்.

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் காட்டிக் கொடுத்தது. அவளைக் கேளுங்கள் என்று சொல்லலாம். ஆனால் மடியில் கைவைத்து, பாதி கட்டிய சரடோடு உட்கார்ந்திருப்பவளை நோக்கி அந்தக் கேள்வியை எப்படித் தள்ளுவது? விஷாகா வாயைத் திறந்தாள்.

"ஆமா" என்றாள் மானஸா. "விஷாவைப் பார்க்கத்தான் போனேன்."

"பாத்தியா!" என்றான் சாய்ராம். "நாத்தனாரும் மன்னியும் கூட்டு சேர்ந்தாச்சு. இனிமே என் கதி அதோகதிதான்."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. டாக்டரைப் பார்த்த கையோடு நாத்தனாரிடம் சொல்லப் போயிருக்கிறாள் என்று அவள் கணக்கு நேராகிவிட்டது. மூன்றாவது முடிச்சை இறுக்கிப் போட்டாள். "நன்னாயிருங்கோ. நாளைக்குக் கார்த்தால புனர்பூஜை பண்ணி எடுத்து வச்சுடறேன். நீ வந்து அம்மன் முகத்தை வாங்கிண்டு போ. அடுத்த வருஷம் சன்னிவேல்ல மூணு பேரா பண்ணுங்கோ!"

"மூணு பேரா?" என்றான் சாய்ராம்.

"உனக்கெதுக்குடா? சும்மா இரு."

மானஸா குனிந்து நமஸ்காரம் பண்ணினாள். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

விஷாகாவுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. தனக்காக மன்னி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். நாளைக்கு எல்லாம் வெளியே வந்தால் அண்ணா என்ன சொல்வான்? அன்றைக்கே ரெண்டு பேரும் கூட்டு என்பான். அம்மா என்ன சொல்வாள்? பெற்ற பெண்ணே மறைத்தாள் என்பாள்.

சாய்ராம் அப்பாவோடு காரேஜில் ஏதோ சூட்கேஸைப் பார்த்துக் கொண்டிருந்தான். தாம்பூலப் பையையும் கொழுக்கட்டை டப்பாவையும் காரில் வைக்க விஷாகா மானஸாவோடு டிரைவ்வேக்கு வந்தாள். வெளிச்சம் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டிக் கொண்டிருந்தார்கள்.

"மன்னி, எனக்காக நீங்க பொய் சொல்ல வேண்டி வந்துடுத்து. சாரி."

மானஸா கார்க் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"பொய்யா? நான் பொய் சொல்லலையே விஷா."

விஷாகாவுக்குப் புரியவில்லை.

"நியூஜெர்சில வேற வக்கீலே இல்லையா? உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். ஞாயித்துக்கிழமை நீதானே சொன்னே, அங்க வந்து சொன்னா அம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டேன்னு." மணிக்கட்டில் இருந்த சரட்டைத் திருகினாள். "இந்த வீட்ல ஒருத்தர்கிட்டயாவது சொல்லணும்னு இருந்தது. யாருக்கும் போய்ச் சேராத மாதிரி. உன் பேரைச் சொன்னா உன்னை உள்ள விட மாட்டாளோன்னுதான் சொல்லலை. நீ நோட்டைத் தூக்கிண்டு உள்ள வந்தப்போ, அப்பாடான்னு இருந்தது."

விஷாகாவுக்கு ஆபீஸில் பார்த்த அந்த முகம் ஞாபகம் வந்தது. அதிர்ச்சி என்று நினைத்தாளே. காத்திருந்த முகமா அது?

"ஒரு நிமிஷத்துல எழுந்து போயிட்டே."

"மன்னி, ரூல் அப்படி. நான் கேட்டுக்கக் கூடாது. இப்பவும்..."

"தெரியும். உங்க டயான் சொன்னா." மானஸா சிரித்தாள். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தாள். அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது விஷாகாவுக்கு. "வெளில சொல்லாம இருக்கறதுக்காக உங்கிட்ட வந்தேன். அதுக்காகவே உங்கிட்ட சொல்ல முடியாமப் போயிடுத்து. பரவால்ல, நீ நல்ல லாயரா வருவே."

காரேஜ் கதவு ஏறியது. சாய்ராம் சாவியைச் சுழற்றிக் கொண்டு வந்தான். "என்ன, ரகசியம் முடிஞ்சுதா? ஏறு மானஸா, நாளைக்குக் கார்த்தால மறுபடி வரணும்."

மானஸா ஏறி உட்கார்ந்தாள். கொழுக்கட்டை டப்பாவை மடியில் வைத்து, காலையில் கைப்பையைப் பிடித்திருந்த மாதிரியே இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டாள்.

நாளைக்கு வருவீர்களா மன்னி? அந்த ஒரு கேள்வியையாவது கேட்கலாமா, கூடாதா? சுவர் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விஷாகாவுக்கு எந்தப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. அவள் யோசித்து முடிப்பதற்குள் கண்ணாடி ஏறி, கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். கையில் விஷாகாவுக்குக் கட்ட வேண்டிய சரடு.

"உன்னோடதை மறந்தே போயிட்டேன் பாரு, கையை நீட்டு." கட்டிக் கொண்டே கேட்டாள். "முகத்தை வாங்கிக்க மானஸா எத்தனை மணிக்கு வரேன்னா?"

விஷாகா காலியான தெருவைப் பார்த்தாள்.

"மன்னியைத்தாம்மா கேட்கணும்."

"போடி கள்ளி! கல்லுளிமங்கி!" என்று அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டு, அம்மன் முகத்தை வைத்துக் கொடுக்க ஒரு நல்ல பட்டுத் துணி தேட உள்ளே போனாள்.